பொன்னுரங்கத்துக்காக இமைத்த மலை

வெள்ளிக்கோம்பை மலைக்கு ஏறி இறங்குகிற ஒரே பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தின் கண்ணில் ஈரம் வற்றி, அவருக்குப் பதிலாக மலை முழுக்க இமைக்கத் தொடங்கியது ஒரு சித்திரை மாதம். அதற்கு ரொம்ப நாள் முன்பே அவர் கண் சரியில்லை என்பது அடிவாரத்து வீட்டில் அவரோடு குடித்தனம் நடத்திய பாவாயிக்குத் தெரியும். காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும், பிரித்தால் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், பகலில் எதிர்க்காற்று பட்டால் பொலபொலவென்று தண்ணீர் கொட்டும், பொழுது சாய்ந்தால் சுவரில் தொங்கும் காலண்டர்கூடக் கலங்கித் தெரியும். கேட்டால் தூசி என்பார், இன்ஜின் சூடு என்பார், மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கிய, சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தை அண்ணாந்து விட்டுக்கொண்டு, கண் வெளுத்ததும் நோயே போய்விட்ட நினைப்பில் வண்டிக்குக் கிளம்பிவிடுவார். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்த பாவாயி, சாயங்காலம் அந்தப் பஸ் திரும்பி வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் ஒரு வாய்த் தண்ணீரைக்கூட நிம்மதியாகக் குடித்ததில்லை.

அந்த மலை ரோடு அப்படி. வளைவுக்கு மேல் வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கட்டைச் சுவரைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. சித்திரையில் ஒரு நாள் பாதி மலை ஏறியிருந்தபோது பொன்னுரங்கத்தின் கண்ணுக்கு முன்னால் ரோடு கரைந்தது. பாறையும் பள்ளமும் ஒரே சாம்பல் நிறமாகி, எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவர் கால் பிரேக்கைத் தேடிய அந்த நொடியில், முன் சீட்டில் கோழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நல்லாயி என்கிற பெண் தூசி விழுந்து கண்ணைச் சிமிட்டினாள். அவள் சிமிட்டியதும் பொன்னுரங்கத்தின் கண்ணில் குளுகுளுவென்று ஈரம் பரவி, ரோட்டோரக் கல்லெல்லாம் தனித்தனியாக எழுந்து நின்றது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் விஷயத்தைச் சொன்னார். கண்டக்டர் இருசப்பன் சந்தேகப் பிராணி என்பதால், நல்லாயியை இன்னொரு தடவை சிமிட்டச் சொல்லிப் பார்த்தான், பிறகு தான் சிமிட்டிப் பார்த்தான், பின் சீட்டுக் கிழவரைச் சிமிட்டச் சொன்னான். யார் இமைத்தாலும் ஈரம் டிரைவர் கண்ணில் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நின்று இமைத்தால் மட்டும் பலிக்கவில்லை. அவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களின் இமைக்குத்தான் அந்த வரம் இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று மலையில் ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய முறை முதலில் என்றுதான் கேட்டார்கள். ஆடி மாதத்தில் ஏரிக்கருப்பு சாமியின் சப்பரத்தை உச்சிக்குத் தூக்கிப் போகும்போது, இந்த வளைவு வரைக்கும் இந்த ஊர், அங்கிருந்து அந்த ஊர் என்று தோள் மாற்றிக்கொள்கிற பாத்தியதை அங்கே காலங்காலமாக இருக்கிறது. ஒரு ஊருக்குரிய தூரத்தில் இன்னொரு ஊர்க்காரன் தோள் கொடுத்தால் வெட்டுக்குத்து ஆகிவிடும். அதே கணக்கில் வளைவுகளை ஊருக்கு ஊர் பிரித்துக்கொண்டு, அந்தந்த வளைவில் அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டும் இமைப்பது என்று முடிவு செய்தார்கள். தங்கள் வளைவு வரும்போது பஸ்ஸில் தங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை என்றால் கௌரவக் குறைச்சல் என்பதால், வேலை வெட்டி இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒருவரை ஏற்றிவிட்டார்கள். புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண் முதல் வாரத்திலேயே ஒரு நடை போய் இமைத்துவிட்டு வர வேண்டும் என்று வழக்கமாயிற்று. போனையே முறைத்துப் பார்த்தபடி வருகிற இளவட்டங்கள் இமைக்க மறந்துவிடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, மலையடியிலேயே போனை வாங்கி இருசப்பனின் பையில் போட்டார்கள். ஒருமுறை கல்யாணக் கோஷ்டி ஒன்று உற்சாகத்தில் மொத்தமாக இமைத்துத் தொலைத்ததில் பொன்னுரங்கத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் ஆறாக ஓடி, சட்டை நனைந்து, அவர் வண்டியை நிறுத்தித் துண்டைப் பிழிய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்று கண்டிப்பு வந்தது. மலைக்காரர்கள் இதில் பெருமைப்பட்டார்கள். நம்ம டிரைவருக்கு நம்ம கண்ணு என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

பாவாயிக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை. வீட்டில் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அவள் எதிரில் உட்கார்ந்து இமைத்து இமைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் போய்ச் சேரவில்லை. கோழிக்காரி இமைத்தால் நனைகிற கண், கட்டினவள் இமைத்தால் மட்டும் காய்ந்து கிடக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரமாகவும் வெட்கமாகவும் இருந்தது. அவள் அந்தப் பஸ்ஸில் ஏறியதே கிடையாது. சம்சாரத்தை வைத்துக்கொண்டு மலை ஏறினால் கவனம் ரோட்டில் நிற்காது என்று அந்தப் பக்கத்து டிரைவர்கள் யாரும் வீட்டுப் பெண்களைத் தங்கள் வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

வைகாசியில் அவள் பிடித்த பிடியில் அவரை டவுனுக்கு, கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். இளவயசுப் பெண் டாக்டர். ஏதோ மஞ்சள் மருந்தைக் கண்ணில் தொட்டுவைத்து, நீல விளக்கை அடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கண்ணுல ஈரம் நிக்கவே இல்லீங்க ஐயா. கருவிழி மேல கீறல் கீறலா இருக்குது."

"தண்ணி கொட்டுதுங்களே டாக்டரம்மா, அப்பறம் எப்பிடி வறட்சின்னு சொல்றீங்க?" என்றார் பொன்னுரங்கம்.

"வறண்டு எரியறதாலதான் கொட்டுது. கொட்டற தண்ணி நிக்காது. கண்ணீருன்னா வெறும் தண்ணி இல்லைங்க, மேல எண்ணெய் மாதிரி மெல்லிசா ஒரு பூச்சு இருக்கணும். அது இமை ஓரத்துல இருக்கற பொடிப்பொடி வாய்ல இருந்து வரும். உங்களுக்கு அந்த வாயெல்லாம் அடைச்சுக் கெடக்குது. போதாததுக்கு ரோட்டையே உத்துப் பாத்துப் பாத்து இமைக்கறதே கொறைஞ்சுபோச்சு, இமைச்சாலும் பாதிதான் மூடுறீங்க."

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைமேல் வைத்து ஒத்தடம் கொடுத்து, இமை ஓரத்தை மெதுவாக நீவிவிட வேண்டும், சிவப்புப் போக்குகிற மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, எழுதிக் கொடுக்கிற சொட்டு மருந்தைப் பகலில் பல தரம் விட வேண்டும், படுக்கும்போது களிம்பு, முகத்தில் நேரே காற்று படக் கூடாது, கண்ணை முழுசாக, அவசரமில்லாமல் மூடித் திறக்கப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனாள்.

"எப்பங்க சரியாவும்?" என்றாள் பாவாயி.

"ஒரேயடியா சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேங்க. வண்டிக்குத் தினமும் தண்ணி பாக்கறீங்க, ஆயில் பாக்கறீங்கல்ல, அந்த மாதிரி இதையும் தினமும் பாக்கணும். பாத்துக்கிட்டா நல்லாவே இருக்கலாம். ஆனா இந்தக் கீறல் ஆற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஆறாம தழும்பாயிடுச்சுன்னா, அப்பறம் பார்வை திரும்பாது."

ஊர் இமைக்கிற சங்கதியைப் பொன்னுரங்கம் சொன்னார். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அவங்க பாதி இமைச்சா உங்களுக்கும் பாதிதான் நனையும்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே செய்தி மலைக்கு ஏறிவிட்டது. மறுநாள் பெரியவளவு ஊர்த் தலைவர் செம்மலை, நாலு பேரோடும் இரண்டு பலாப்பழத்தோடும் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, வண்டியை வேற ஆளுகிட்டக் குடுக்கப்போறதாக் கேள்விப்பட்டோம். அந்த மாத்து டிரைவர் வையாபுரி லாரி ஓட்டுன ஆளு. அவனை நம்பி எங்க புள்ளகுட்டிய ஏத்த முடியுமா?"

"கொஞ்ச நாளைக்குத்தானுங்க. கண்ணு ஆறட்டுமுங்க."

"கண்ணுக்கு என்ன கொறை? மலையே இமைக்குது. இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன மருந்து வேணும்?"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அது ஒரு பெரிய மரியாதையைக் கையில் வாங்கிக்கொண்ட மனிதனின் சிரிப்பு என்று பாவாயிக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து சொட்டு மருந்து அலமாரியில் உட்கார்ந்தது. வெந்நீர்த் துணியோடு அவள் வந்தால் நேரமில்லை என்றார். ஊரே ஒரு பக்கமும் அவள் ஒருத்தி மறுபக்கமுமாக ஆனி மாதம் போயிற்று. கண்ணின் வெள்ளையில் நரம்புகள் சிவப்பு நூலாக ஓடின. விளக்கைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆடிக் காற்று கிளம்பியதும் இருசப்பன் ஒரு நாள் மத்தியானம் சத்துணவுக் கூடத்துக்கு வந்து, அண்டாப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"அண்ணி, நான் சொன்னேன்னு அண்ணங்கிட்டச் சொல்லிராதீங்க. பலாமரத்து வளைவுல யாரும் இமைக்கறதில்லைங்க."

"இமைக்கறதில்லைன்னா?"

"அந்த வளைவு பெரியவளவுக்கா குழிவளவுக்கான்னு பழைய வழக்கு. சப்பரத்தையே அங்க ரெண்டு ஊரும் தூக்காது, தள்ளுவண்டி மேல வெச்சுத்தான் கொண்டுபோவாங்க. இப்ப இதுக்கும் அதே பேச்சு. தீர்ப்பு ஆவற வரைக்கும் அங்க ஒருத்தரும் இமைக்கக் கூடாது. இவன் இமைக்கறானான்னு அவன் பாக்கறான், அவன் இமைக்கறானான்னு இவன் பாக்கறான். மூணாவது ஊர்க்காரன் இமைச்சா ரெண்டு பேரும் சேந்து அடிப்பாங்க. வண்டி மொத்தமும் முழிச்சிட்டே வருதுங்க."

"உங்க அண்ணன்?"

"முந்தின வளைவுல நனைஞ்ச ஈரத்தை வெச்சுச் சமாளிக்கறாரு. சுத்திக் காத்து வேற. நேத்து வண்டி பள்ளத்துப் பக்கக் கட்டைச் சுவர் மேல உரசிருச்சு."

பாவாயி அடுப்பை அணைத்துவிட்டுப் பஸ் முதலாளி வீட்டுக்கு நடந்தாள். அவர் ஊர்ப் பகையைச் சம்பாதிக்க மனசில்லாதவர். இழுத்துப் பேசி, கடைசியில் வையாபுரியை நாளைக்கு வண்டியிலேயே கூட அனுப்பிவைக்கிறேன், மற்றதை நீயே பார்த்துக்கொள் என்றார். அவள் அதோடு விடவில்லை. மறுநாள் காலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்பக்கப் படியில் ஏறி, கடைசிச் சீட்டில் வையாபுரிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். பொன்னுரங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி ஏறத் தொடங்கியது.

ஒவ்வொரு வளைவிலும் அந்தந்த ஊர்க்காரர் எழுந்து, ஊர் பார்க்கட்டும் என்று கழுத்தை நிமிர்த்தி, வெடுக்கென்று ஒரு இமைப்பு இமைத்துவிட்டு உட்கார்ந்தார், கடமை முடிந்தது. கண்ணாடியில் தெரிந்த பொன்னுரங்கத்தின் கண்கள் அதில் மேலாக்க நனைந்து, வண்டி திரும்புவதற்குள் காய்ந்துபோயின. இவ்வளவுதானா, இதற்காகவா மருந்தை அலமாரியில் வைத்தார் என்று அவளுக்கு அழுகை வந்தது. ஆடிக் காற்று ஜன்னல் வழியாகப் புகுந்து எல்லார் தலைமயிரையும் கலைத்தது.

பலாமரத்து வளைவு நெருங்கியபோது வண்டிக்குள் பேச்சு நின்றது. இடப்பக்கம் பெரியவளவுக்காரர்களும் வலப்பக்கம் குழிவளவுக்காரர்களும் திரும்பி உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர்கள் வம்பு வேண்டாம் என்று கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டார்கள். வண்டி வளைவுக்குள் மூக்கை நுழைத்த நேரத்தில், மேலேயிருந்து மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு, கட்டுக்கடங்காமல் இறங்கி வந்தது.

பகையெல்லாம் அந்த நொடியே போய்விட்டது. எல்லாரும் லாரியைப் பார்த்தார்கள். ஆனால் பயத்தில் எவன் கண்ணை மூடுவான். வண்டியில் இருந்த அத்தனை கண்ணும் விரியத் திறந்து அப்படியே நின்றன. இருசப்பன் "இமைங்க, யாராச்சும் இமைங்க" என்று கத்தினான்; கத்தியவனாலேயே முடியவில்லை. கண்ணாடியில் பொன்னுரங்கத்தின் கண்ணைப் பாவாயி பார்த்தாள். அது லாரியைப் பார்க்கவில்லை. லாரி இருக்கும் திசையில் சும்மா திறந்திருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

உயிர் போகப்போகிறது என்றால் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் உடம்பு கெஞ்சுகிறது. அவள் உடம்பும் கெஞ்சியது. போனால் அவரோடு போகட்டும் என்று பாவாயி கண்ணை மூடினாள். முழுசாக, அவசரமில்லாமல், மேலிமை கீழிமையில் வந்து படிகிற வரைக்கும் மூடி, அப்படியே வைத்துக்கொண்டாள்.

இருட்டில் முதலில் கேட்டது ஹாரன். பிறகு கியர் விழுகிற கரகரப்பு, அவளை ஒரு பக்கமாகத் தூக்கி வையாபுரியின் தோளில் மோதிய திருப்பம், கூரைமேல் மூட்டைகள் உருளும் சத்தம், சக்கரத்துக்குக் கீழே சரளைக்கல் பொரிகிற சத்தம். ஒரு பெண் சாமி பேரைச் சொல்லிச் சொல்லி நிறுத்தினாள். தகரம் தகரத்தில் நீளமாக உரசிக்கொண்டே போயிற்று. திறந்துவிடலாமா என்று இமை துடித்தது, கையால் பொத்திக்கொண்டாள். தன் இமைக்குள் இருந்த ஈரமெல்லாம் எங்கோ வடிந்து போவதுபோல் அவளுக்குக் கண் காந்தியது. அந்த எரிச்சல் அவருடையது என்று புரிந்தது. இத்தனை மாதமாக இந்த நெருப்பை வைத்துக்கொண்டா ஓட்டினார் என்று நினைத்தாள். பிறகு ஹாரன் கீழே கீழே இறங்கித் தேய்ந்தது. இன்ஜின் நின்றது. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தபோது, பொன்னுரங்கம் அவள் சீட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். இரண்டு கன்னமும் நனைந்திருந்தன. வண்டி வளைவைத் தாண்டி, பாறைப் பக்கமாக ஒண்டி நின்றிருந்தது.

"நீயா?" என்றார்.

"நாந்தான்."

"யாரோ முழுசா மூடிட்டாங்கன்னு தெரிஞ்சது. இப்பிடித் தெளிவா ரோட்டைப் பாத்து வருசமாச்சு." துண்டால் கன்னத்தைத் துடைத்தார். "அதுக்கு முந்தி எனக்கு லாரியே தெரியல பாவாயி. சத்தத்தை வெச்சுத்தான் ஓட்டிட்டு இருந்தேன். இத்தனை பேரு உள்ள."

அவர் சாவியை எடுத்து வையாபுரியின் கையில் வைத்தார். உச்சி வரைக்கும் வண்டி வையாபுரியின் கையில் போயிற்று. உச்சியில் ஆட்கள் இறங்கும்போது, பெரியவளவுக்காரர்களோடு அதே வண்டியில் வந்திருந்த செம்மலை அவளிடம் வந்தார்.

"சரிதான் அம்மிணி. ஆனா எங்க மொறையெல்லாம் என்னாவறது?"

"உங்க உங்க கண்ணுக்கு நீங்களே இமைச்சுக்குங்க தலைவரே. எங்க வூட்டுக்காரர் கண்ணை ஊட்ல வெச்சு நான் பாத்துக்கறேன். ஆறுனப்பறம் அவரே வந்து ஓட்டுவாரு. அப்ப அவருதான் இமைக்கோணும்."

திரும்பி இறங்கும்போது பொன்னுரங்கம் பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்தார். பாவாயி மடியிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து, கீழிமையை இழுத்து, இரண்டு கண்ணிலும் விட்டாள். மூடிக்கொள்ளச் சொன்னாள். அவரால் முடியவில்லை. வையாபுரி ஒவ்வொரு தடவை ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது, கண் ரோட்டை விட்டு நகர மறுத்தது, விட்ட மருந்து கன்னத்தில் வழிந்து வீணாகியது.

"பயமா இருக்குது பாவாயி" என்றார், யாருக்கும் கேட்காமல். "எல்லாரும் இப்பிடித்தான் வந்தாங்களா? ஒண்ணுமே தங்க கையில இல்லாம?"

"இப்பிடித்தான்."

"எப்பிடி உக்காந்திருந்தாங்க?"

"நீங்க ஓட்டுறீங்கன்னு உக்காந்திருந்தாங்க."

அவள் மறுபடி மருந்தை விட்டாள். இந்த முறை அவர் ரொம்ப நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கிணற்றில் இறங்குகிறவர்போல் மெதுவாக, முழுசாகக் கண்ணை மூடினார். இமை ஓரத்தில் ஈரம் நின்றது, வழியவில்லை. வண்டி சாய்ந்து திரும்பத் தொடங்கியது.

"பலாமரம் வந்திருச்சா?"

"வந்திருச்சு."

"மூணாவது கியர்லயே போறான். ரெண்டுக்கு மாத்தச் சொல்லு."

"மாத்துவாரு. கண்ணைத் தொறக்காதீங்க."

அவர் திறக்கவில்லை. பாவாயியின் கையைத் தேடிப் பிடித்து, அதை ஸ்டியரிங்போல் வலப்பக்கமாக மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தார்.